வலக்கண் விழித்திரையின் நடுவில் ஓட்டை: மாகுலர் ஹோல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பெங்களூரில் இருக்கிறீர்களா?

#1 அல்சூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 64 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, அல்சூரில் கணவருடன் வசித்து வருகிறேன். என் வலக்கண்ணில் மாகுலர் ஹோல் இருப்பதாகச் சென்ற வாரம் விழித்திரை மருத்துவர் சொன்னார்.

அதை நான் கண்டுபிடித்த விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். ஒரு நாள் மதியம் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது இடக்கண் தலையணையில் அழுந்தி மூடியிருந்தது. எதிர்ச்சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் 17 என்ற தேதி. 7-ஐ நேராகப் பார்த்தால் 7 மறைந்து 1 மட்டும் தெரிந்தது. 1-ஐப் பார்த்தால் 1 மறைந்து 7 தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து இரு கண்களாலும் பார்த்தபோது எந்தக் குறையும் இல்லை. எத்தனை வாரங்களாக இடக்கண் மட்டுமே எனக்காக உழைத்துக்கொண்டிருந்தது என்று நினைக்கையில் மனம் பதறியது.

நான்கு மாதங்களுக்கு முன்பே வலக்கண்ணில் எழுத்துகள் உள்ளே இழுத்தாற்போல் இருக்கின்றன என்று ஒரு கண்ணாடிக் கடையில் சொன்னேன். புரை தொடங்கியிருக்கும் என்று கூறி, இருமுறை கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்களே தவிர, கண்ணில் மருந்து விட்டு உள்ளே பார்க்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. இப்போது எடுத்த ஓசிடி ஸ்கேனில் (ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் முறை) ஓட்டையின் அகலம் 380 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வலக்கண்ணின் பார்வை 6/60, அதாவது நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் படிப்பதை நான் 6 மீட்டரில்தான் படிக்க முடியும். இடக்கண்ணிலும் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் விழித்திரையின் நடுவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் பிரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா, கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ள நான் குப்புறப் படுத்திருக்க முடியுமா, இடக்கண்ணுக்கும் இதே கதி வருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அனுபவம் உள்ளவர்கள் பதில் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

#2 மல்லேசுவரம் வாசகர்

அம்மா, அஞ்ச வேண்டாம். எனக்கு 71 வயது. ஆறு ஆண்டுகளுக்கு முன் இடக்கண்ணில் திடீரென்று பூச்சி பறப்பதுபோலக் கரும்புள்ளிகள் தோன்றின. இரவில் ஓரத்தில் மின்னலும் வெட்டியது. கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயதினால் பிரிகிறது, சிகிச்சை எதுவும் தேவையில்லை என்றார்கள். ஓரிரு மாதங்களில் பழகிவிட்டது. வயதானால் முடி நரைப்பது போல இதுவும் ஒன்று. அவசரப்பட்டுக் கத்தி வைத்துக்கொள்ளாமல் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

#3 ஓய்வுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட், ராமமூர்த்தி நகர்

மல்லேசுவரம் ஐயாவுக்கு நேர்ந்ததும் அல்சூர் அம்மாவுக்கு நேர்ந்திருப்பதும் ஒரே நிகழ்வின் இரண்டு முடிவுகள். ஆனால் ஒருவருக்குச் சொன்ன அறிவுரை மற்றவருக்குப் பொருந்தாது. முப்பத்தைந்து ஆண்டுகள் கண் மருத்துவமனைகளில் பார்வையைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டாகப் பணிபுரிந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கண்ணின் உட்குழியில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்னும் கூழ். அதன் அளவு ஏறத்தாழ 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மிக நுண்ணிய கொலாஜன் இழைகளும், அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்கி நிறுத்தும் ஹயலுரானிக் அமிலமும் சேர்ந்து அந்தத் தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கின்றன. வயது ஏற ஏற இந்தப் பிடி தளர்கிறது. உறைந்த தயிரில் கரண்டி பட்டபின் சற்று நேரம் வைத்திருந்தால் ஒரு பக்கம் நீர் தேங்கி மறுபக்கம் தயிர் சுருங்கி நிற்குமல்லவா, அதுபோல இங்கும் ஒருபுறம் நீர்த்த குளங்கள் உண்டாக, மறுபுறம் இழைகள் திரண்டு கட்டிகளாகின்றன. பூச்சி பறப்பதாக நாம் சொல்வது, அந்தக் கட்டிகளின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான். இது முதுமையில் திடீரென்று தொடங்குவதும் அன்று: பதின்பருவத்தின் முடிவிலேயே கூழில் ஐந்தில் ஒரு பங்கு நீர்த்திருக்கும்; எண்பதைத் தாண்டியவர்களுக்குப் பாதிக்கும் மேல்.

இவ்வாறு சுருங்கும் கூழ் ஒரு கட்டத்தில் விழித்திரையின் பின்புறத்திலிருந்து விலக வேண்டும். அறுபதைக் கடந்தவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. விலகல் எல்லா இடத்திலும் ஒரே சீராக நடந்தால் தொல்லை இல்லை. ஆனால் பார்வை நரம்பின் விளிம்பு, பெரிய இரத்தக் குழாய்கள், விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவின் நடுப்புள்ளி ஆகிய இடங்களில் கூழின் ஒட்டுதல் வலுவானது. நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள கூழ் முதலில் விலகி, நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால், கண் அசையும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி இழுபடுகிறது. முதலில் சிறு வீக்கம், அதனுள் ஒரு நீர்ப்பை, பிறகு கிழிசல். அல்சூர் அம்மா கண்ணாடிக் கடையில் சொன்ன 'எழுத்துகள் உள்ளே இழுத்தாற்போல்' என்ற வார்த்தைகள் அந்த முதற்கட்டத்தின் அச்சு அசலான விவரிப்பு. அன்றே ஓசிடி எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு விடை இந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது. முழு ஓட்டை விழாத முதற்கட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கூழ் தானாகவே விடுபட்டு, விழித்திரை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அங்கே பொறுத்திருப்பது சரியான மருத்துவம். முழுத் தடிமனும் கிழிந்த ஓட்டை தானாக மூடுவது அபூர்வம், அதுவும் பெரும்பாலும் மிகச் சிறிய ஓட்டைகளில்தான். 2013-இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த அளவுகோலின்படி 250 மைக்ரான் வரை சிறியது, 400 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. உங்கள் 380 நடுத்தரத்தின் கடைசிப் படியில் நிற்கிறது. நான்கைந்து தலைமுடிகளை அடுக்கிய அகலம்தான் என்றாலும், காலப்போக்கில் ஓட்டை அகலமாகும். ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை பெற்ற கண்களின் பார்வை நன்றாக மீள்கிறது. ஓராண்டு கடந்தால் மூடினாலும் பலன் குறைவு. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990-க்கு முன் நான் பணியில் சேர்ந்த புதிதில், இந்த நோயாளிகளை 'ஒன்றும் செய்வதற்கில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மயாமியில் டொனால்ட் காஸ் என்ற மருத்துவர் 1988-இல் இந்த ஓட்டை இழுவிசையால் உண்டாவது என்று கட்டங்களாகப் பிரித்து எழுதினார். இழுவிசைதான் காரணம் என்றால் அதை நீக்கிப் பார்க்கலாமே என்று கலிஃபோர்னியாவில் நீல் கெல்லி, ராபர்ட் வெண்டல் இருவரும் துணிந்து, 52 கண்களில் கூழை அகற்றி வாயு நிரப்பிய முடிவுகளை 1991-இல் வெளியிட்டார்கள். 58 சதவீத ஓட்டைகள் மூடின. அதே ஆண்டில்தான் ஓசிடி முறையும் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று, விழித்திரையின் மேலுள்ள உள் எல்லைச் சவ்வையும் உரித்தெடுப்பதால், உங்கள் அளவுள்ள ஓட்டைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் மூடுகின்றன.

ஓட்டை என்றதும் அந்த இடத்துத் திசு அழிந்துபோனதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான பார்வைச் செல்கள் அழியவில்லை, ஓரங்களுக்கு ஒதுங்கியிருக்கின்றன. விளிம்புகள் நெருங்கி வந்தால் அவை மீண்டும் நடுவுக்கு வரும். இழந்த பார்வை திரும்புவதற்கு அதுவே காரணம்.

#4 ஒயிட்ஃபீல்டு மகள்

மிக்க நன்றி ஐயா. என் அம்மாவுக்கும் சேலத்தில் மாகுலர் ஹோல் என்று சொல்லியிருக்கிறார்கள். என் மாமியாருக்கு மாகுலா தேய்மானத்துக்கு மாதந்தோறும் கண்ணில் ஊசி போடுகிறார்கள். அம்மாவுக்கும் அதே ஊசி போதாதா? உறவினர் ஒருவர் சின்ன வெங்காயச் சாற்றைத் தேனில் கலந்து கண்ணில் விட்டால் சவ்வு கரையும் என்று வற்புறுத்துகிறார்.

#5 ஓய்வுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட், ராமமூர்த்தி நகர்

வெங்காயச் சாற்றைத் தயவுசெய்து விட வேண்டாம். கண்ணின் முன்பக்கத்திலிருந்து விழித்திரை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. வீட்டுச் சாறு அங்கே போய்ச் சேராது, கருவிழியைப் புண்ணாக்கும்.

மாமியாருக்குப் போடும் ஊசி, விழித்திரைக்கு அடியில் முளைக்கும் வேண்டாத இரத்தக் குழாய்களை அடக்குவதற்கானது. இரண்டு நோய்களும் ஒரே இடத்தைத் தாக்குவதால் பெயரில் குழப்பம் வருகிறது, வேறு உறவு இல்லை. கூழின் பிடியை நொதியால் கரைக்கும் ஊசியொன்று உண்மையில் வந்தது. ஓக்ரிபிளாஸ்மின் என்ற அம்மருந்துக்கு அமெரிக்காவில் 2012-இல் அனுமதி கிடைத்தது. ஆய்வில் அதைப் பெற்ற ஓட்டைகளில் பத்தில் நான்குதான் மூடின. 2020-இல் அங்கே விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள்.

#6 ஜெயநகர் வாசகி

அல்சூர் அக்காவுக்கு: எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இடக்கண்ணில் இதே சிகிச்சை நடந்தது, ஓட்டை 460 மைக்ரான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். நினைவு இருந்தது, வலி இல்லை. வெண்விழியில் அரை மில்லிமீட்டர் அளவில் மூன்று துளைகள், தையல் இல்லை. சவ்வு கண்ணாடி போன்றதாகையால் நீலச் சாயம் பூசி, அது தெரிந்தபின் உரிப்பதாக மருத்துவர் விளக்கினார். கடைசியில் கூழ் இருந்த இடத்தில் வாயுவை நிரப்பினார்கள். அந்தக் குமிழி ஓட்டையின் மேல் படிந்து உள்ளே நீர் புகாமல் தடுக்க, உலர்ந்த விளிம்புகள் ஒட்டிக்கொள்கின்றன. வாயு மேல்நோக்கியே மிதக்கும். மாகுலா கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. முகம் தரையைப் பார்த்தால்தான் பின்சுவர் மேலே வரும். குப்புற இருக்கச் சொல்வதன் காரணம் இவ்வளவுதான். அது புரிந்த பிறகு எனக்குப் பாதிச் சிரமம் குறைந்தது.

என் ஓட்டை பெரியது என்பதால் ஏழு நாட்கள் சொன்னார்கள். 400 மைக்ரானுக்குக் குறைந்தவர்களுக்கு இப்போது பல மருத்துவர்கள் மூன்று நாட்களோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் மல்லாந்து படுக்காமல் இருந்தாலே போதும் என்கிறார்கள். கழுத்துத் தேய்மானத்தை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் குனிந்திருந்து, பத்து நிமிடம் எழுந்து உணவருந்தவும் கழிவறை செல்லவும் எனக்கு அனுமதி இருந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு தலையணைகளை இடைவெளி விட்டு வைத்து நெற்றியை அவற்றில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்ததுதான் கழுத்தைக் காப்பாற்றியது. இரவில் கட்டிலின் ஓரத்தில் மார்புக்கடியில் மெத்தைத் துண்டு. இரண்டாம் நாள் இரவு அழுதுவிட்டேன். என் மகள் தரையில் உட்கார்ந்து, என் முகத்துக்கு நேர் கீழே இருந்தபடி பேசிக்கொண்டே இருந்தாள்.

புரை அறுவை செய்யாதவரானால் அதையும் சேர்த்தே செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். கூழை அகற்றிய கண்ணில் இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பாலோருக்குப் புரை முற்றிவிடும். எனக்கு ஒன்றரை ஆண்டில் மறுபடியும் மேசையில் ஏற வேண்டியிருந்தது. செலவை எண்ணித் தயங்குபவர்கள் சாமராஜப்பேட்டையில் உள்ள மின்டோ அரசு கண் மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

#7 ஒயிட்ஃபீல்டு மகள்

அம்மாவைப் பெங்களூருக்கே வரவழைத்துச் சிகிச்சை செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். ஒரு வாரத்தில் சேலம் திரும்ப வேண்டும் என்கிறார். ரயிலில் அனுப்பலாமா? அடுத்த மாதம் ஏற்காட்டில் ஒரு திருமணமும் இருக்கிறது.

#8 ஓய்வுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட், ராமமூர்த்தி நகர்

பெங்களூரில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறையும் இடத்துக்குப் போனால் கண்ணுக்குள் இருக்கும் வாயு விரிந்து, கண்ணின் அழுத்தத்தை உயர்த்தும். சென்னையில் அறுவை செய்துகொண்டு வாயுவோடு பெங்களூருக்கு ஏறி வருபவர்கள் அங்குள்ள மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் பயணப்படக் கூடாது என்பது இதனால்தான்.

உங்கள் அம்மா இங்கிருந்து சேலத்துக்கு இறங்கும்போது வாயு சுருங்கும். அது பொதுவாகக் குறைந்த அபாயம். ஆனால் மறுபரிசோதனைக்குத் திரும்பி ஏறும்போது குமிழி இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். எந்த நாளில் பயணம் என்பதை மருத்துவரே குமிழியைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். ஏற்காடு 1500 மீட்டர். வாயு முழுதும் கரைந்தது உறுதியாகும்வரை அம்மா அங்கே போகக் கூடாது. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவானால் இரண்டு வாரம் அல்லது சற்றுக் கூடுதலாகவும், பெர்ஃபுளோரோபுரோப்பேன் ஆனால் ஆறு முதல் எட்டு வாரங்களும் கண்ணில் தங்கும். விமானப் பயணத்துக்கு இடமே இல்லை. கண்ணின் இரத்த ஓட்டம் நின்று பார்வை நிரந்தரமாகப் போகலாம். அந்தக் காலத்தில் வேறெந்த அறுவைக்காவது மயக்கம் கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்ஸைடு கூடாது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

#9 மல்லேசுவரம் வாசகர்

முதலில் நான் எழுதியதில் ஒரு முக்கியமான விவரத்தை விட்டுவிட்டேன். பூச்சி பறக்கத் தொடங்கிய மறுநாளே நான் மருத்துவரிடம் போனேன். மருந்து விட்டுப் பாவையை விரித்து விளிம்பு வரை பார்த்து, கிழிசல் இல்லை என்று உறுதி செய்த பிறகே 'சிகிச்சை தேவையில்லை' என்றார்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் பார்த்தார்கள். அதைச் சொல்லாமல் 'நரை போல' என்று எழுதியது தவறு. யாராவது அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

#10 எலக்ட்ரானிக் சிட்டி இளைஞர்

எனக்கு 31 வயது. கண்ணாடியின் பவர் மைனஸ் 9. கல்லூரிக் காலம் முதல் கணினியின் வெள்ளைத் திரையில் வேலை செய்யும்போது நூல்கள் மிதக்கின்றன. நானும் ஓசிடி எடுக்க வேண்டுமா?

#11 ஓய்வுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட், ராமமூர்த்தி நகர்

தம்பி, கிட்டப்பார்வை அதிகமுள்ள கண் நீளமானது. கூழ் முன்கூட்டியே நீர்த்துவிடும், விழித்திரையின் ஓரம் மெலிந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மருந்து விட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பழகிய நூல்களால் அச்சம் இல்லை. புதிதாக மிளகைத் தூவியதுபோலப் புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, திரை இறங்கியதுபோல ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். அறிகுறிகளோடு கூழ் விலகி வருபவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு விழித்திரைக் கிழிசல் இருக்கும். கிழிசலாக இருக்கும்போது சில நிமிட லேசரில் அடைத்துவிடலாம். விழித்திரை பிரிந்த பிறகு பெரிய அறுவை.

ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்கும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும். படிக்கும் கண்ணாடியோடு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கணக்கு நோட்டின் கட்டங்களையோ குளியலறை ஓடுகளின் கோடுகளையோ பாருங்கள். கோடு வளைந்தாலும் நடுவில் விடுபட்டாலும் தெரிந்துவிடும்.

#12 அல்சூர் ஆசிரியை

உங்கள் பதில்களைப் படித்த மறுவாரமே அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இன்று ஐந்தாம் வாரம். புரையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். குப்புற இருந்தது மூன்று நாட்கள். ஜெயநகர் தங்கை சொன்ன இரட்டைத் தலையணை முறையை அப்படியே பின்பற்றினேன். நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா.

இனிச் செய்துகொள்பவர்களுக்காக ஒன்றை எழுதுகிறேன். முதல் வாரம் வெளிச்சமும் கையசைவும் தவிர ஒன்றும் தெரியாது. வாயு நிறைந்த கண் அப்படித்தான் இருக்கும். பத்தாம் நாளையொட்டி மேல்பக்கத்தில் தெளிவான ஒரு பட்டை தோன்றியது. அதற்குக் கீழே தம்ளரில் தண்ணீர் தளும்புவதுபோல ஒரு கோடு, தலையை ஆட்டினால் அதுவும் ஆடும். குமிழி உண்மையில் மேலே மிதக்கிறது, விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் நமக்குக் கீழே தெரிகிறது. நாளுக்கு நாள் கோடு இறங்கி, பதினேழாம் நாள் ஒரு சிறு வட்டமாகி, மறுநாள் காணவில்லை.

ஓசிடியில் ஓட்டை மூடியிருக்கிறது. பார்வை 6/60-லிருந்து 6/18-க்கு வந்திருக்கிறது. கதவின் நிலைச்சட்டம் வலக்கண்ணுக்கு இன்னும் இலேசாக வளைந்தே தெரிகிறது; ஓராண்டு வரை சிறிது சிறிதாக முன்னேறும் என்கிறார்கள்.

#13 ஒயிட்ஃபீல்டு மகள்

மிகவும் மகிழ்ச்சி அம்மா. உங்கள் இடக்கண் எப்படி இருக்கிறது? என் அம்மாவுக்கும் அந்தக் கவலைதான்.

#14 ஓய்வுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட், ராமமூர்த்தி நகர்

ஒரு கண்ணில் ஓட்டை விழுந்தவருக்கு, மறுகண்ணில் கூழ் பிரியாமல் இருந்தால், ஐந்து ஆண்டுகளுக்குள் அதிலும் விழ ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. மறுகண்ணில் கூழ் ஏற்கெனவே முழுமையாக விலகியிருந்தால் அந்த ஆபத்து மிகவும் சுருங்கிவிடும், இழுப்பதற்கு அங்கே எதுவும் இல்லையல்லவா.

#15 அல்சூர் ஆசிரியை

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். சென்ற வியாழக்கிழமை இரவு விளக்கை அணைத்ததும் இடக்கண்ணின் வெளியோரத்தில் வளைவாக மின்னல் வெட்டியது. காலையில் கண்ணெதிரே புகைபோல ஒரு வளையம் மிதந்தது. ஆட்டோ பிடித்து ஒன்பது மணிக்கே மருத்துவமனையில் இருந்தேன். பாவையை விரித்து, ஓரங்களைக் கருவியால் அழுத்தி முழுதும் பார்த்தார்கள். கிழிசல் இல்லை. ஓசிடியில் மாகுலாவின் நடுப்பள்ளம் சிதையாமல் இருக்கிறது. அதைப் பிடித்திருந்த கூழ் விலகிவிட்டது. நான் காணும் வளையம் பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த கூழின் விளிம்பு, அது கழன்று மிதக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். வலக்கண்ணில் நடுப்புள்ளியைக் கிழித்துக்கொண்டு போன அதே விலகல், இடக்கண்ணில் எதையும் கிழிக்காமல் முடிந்திருக்கிறது.

ஆறு வாரத்தில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை புதிய புள்ளிகள் கொட்டுகின்றனவா, ஓரத்தில் நிழல் விழுகிறதா என்று தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்துக்கொள்கிறேன். வளையம் இதை எழுதும்போதும் திரையின் குறுக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது.